1970 ஜனவரி 1, காலை 5:30

மின்சாரம் போய் வந்த பிறகு சில சிசிடிவி பதிவுப்பெட்டிகளும், வருகைப் பதிவு இயந்திரங்களும், வைஃபை ரவுட்டர்களும் 1970 ஜனவரி 1, காலை 5:30 என்று தேதி காட்டும். பார்ப்பவருக்குப் பழுது என்று தோன்றும். அது ஒரு கணக்கின் தொடக்கப் புள்ளி. யூனிக்ஸ் வழியில் வந்த கணினிகள் ஆண்டு, மாதம், நாள் என்று பிரித்து நேரத்தை வைத்துக்கொள்வதில்லை. 1970-ஆம் ஆண்டு பிறந்த நள்ளிரவிலிருந்து, அதுவும் உலகப் பொது நேரப்படி, எத்தனை விநாடி ஆயிற்று என்ற ஒரே எண்ணைத்தான் வைத்துக்கொள்கின்றன. அந்த எண் பூஜ்யமாக இருக்கும்போது இந்தியாவில் மணி ஐந்தரை. 1970-ஐக் காட்டும் கருவி, தனக்கு நேரம் தெரியாது என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. ஏழு நிமிடம் பிசகி ஓடிக்கொண்டே, சரியாக இருப்பதுபோல் காட்டிக்கொள்ளும் கருவியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் இந்தச் சங்கடம் அதிகம் இல்லை. மதர்போர்டில் ஒட்டியிருக்கும் பட்டன் செல், கணினி அணைந்திருக்கும்போதும் ஒரு சிறு கடிகாரச் சில்லை ஓட்டிக்கொண்டே இருக்கும். விலையில் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செய்யும் சிறு கருவிகளில் முதலில் கழற்றி எறியப்படுவது இந்தச் செல்தான். 2012-இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை கணினியில் அது இல்லை. 2023-இல் வந்த ஐந்தாம் தலைமுறைப் பலகையில்தான் கடிகாரச் சுற்றும் பேட்டரிக்கான இணைப்பும் வந்தன. அதுவரை அந்தக் கணினிகள் ஒரு தந்திரத்தால் காலம் தள்ளின. அணையும்போது அப்போதைய நேரத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்து, மறுபடி உயிர் வந்ததும் அங்கிருந்தே எண்ணத் தொடங்கும். மூன்று நாள் அணைந்து கிடந்தால் மூன்று நாள் பின்தங்கியிருக்கும்; ஆனாலும் 1970-க்குப் போய்விடாது.

எண்ணுவது என்றால் எதை? பெரும்பாலான கருவிகளில் விடை ஒரு குவார்ட்ஸ் படிகம். அரிசி மணி அளவுள்ள ஓர் உலோகக் குப்பிக்குள், காற்று நீக்கப்பட்ட வெற்றிடத்தில், இசைக்கவையின் வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் துண்டு இருக்கும். மின்னழுத்தம் கொடுத்தால் குவார்ட்ஸ் வளையும், வளைந்தால் மின்னழுத்தம் தரும். இந்த இரட்டைக் குணத்தால் அதை இடைவிடாமல் அதிர வைக்க முடிகிறது. அதிர்வு விநாடிக்கு 32,768. விசித்திரமாகத் தோன்றும் இந்த எண், இரண்டை 15 முறை பெருக்கினால் வருவது. அதிர்வை இரண்டாக வகுக்கும் எளிய சுற்றுகள் 15-ஐ வரிசையாக வைத்தால் கடைசியில் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். சுவர்க் கடிகாரத்திலும் கைக்கடிகாரத்திலும் துடிப்பது இதே எண்தான். குவார்ட்ஸில் ஓடும் முதல் கடிகாரத்தை பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசனும் ஜே. டபிள்யூ. ஹார்ட்டனும் 1927-இல் செய்தபோது அது ஓர் அறையின் சாமானாக இருந்தது. 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ அதை மணிக்கட்டுக்குக் கொண்டுவந்தது.

படிகம் நல்ல எண்ணி. பிழையில்லாத எண்ணி அல்ல. கடையில் கிடைக்கும் சாதாரணப் படிகம் பத்து லட்சத்துக்கு 20 பங்கு வரை பிசகலாம் என்று உற்பத்தியாளரே சொல்லி விற்கிறார். கேட்க அற்பமாக இருக்கும். ஒரு நாளில் 86,400 விநாடி. அதில் அந்தப் பங்கு 1.7 விநாடி. ஆண்டுக்குப் பத்தரை நிமிடம். இது படிகத்தின் பிறவிக் குறை மட்டுமே. அதோடு இணைக்கும் மின்தேக்கியின் அளவு ஒத்துவராவிட்டாலும், சால்டர் செய்த பின் பசை துடைக்கப்படாமல் ஈரம் ஏறினாலும் பிசகு கூடும்.

இவற்றைவிடப் பெரிய எதிரி வெப்பம். இசைக்கவைப் படிகம் 25 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டத்தில்தான் தன் வேகத்தில் ஓடும். அதிலிருந்து விலகும் டிகிரிகளை வர்க்கப்படுத்தி 0.034-ஆல் பெருக்கினால், பத்து லட்சத்தில் எத்தனை பங்கு மெதுவாகும் என்று தெரிந்துவிடும். மொட்டை மாடியில் வெயிலில் கிடக்கும் இரும்புப் பெட்டிக்குள் 60 டிகிரி என்று வைத்துக்கொண்டால், விலகல் 35, அதன் வர்க்கம் 1,225, பிசகு ஏறத்தாழ 42 பங்கு. நாளுக்கு 3.6 விநாடி, அதே சூடு நீடித்தால் மாதத்துக்கு இரண்டு நிமிடத்தை நெருங்கும். இதில் கவனிக்க வேண்டியது, விலகல் எந்தப் பக்கம் இருந்தாலும் அதன் வர்க்கம் ஒன்றே. உறைபனியிலும் படிகம் மெதுவாகத்தான் ஓடும், கொதிக்கும் பெட்டியிலும் மெதுவாகத்தான் ஓடும். கைக்கடிகாரம் இதிலிருந்து தப்புவது மனித உடலின் தயவால். நாளெல்லாம் மணிக்கட்டோடு ஒட்டியிருப்பதால் அதன் வெப்பம் அதிகம் ஏறி இறங்குவதில்லை.

விதி தெரிந்த பிசகைத் திருத்தலாம். டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லு படிகத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, 64 விநாடிக்கு ஒரு முறை தன் வெப்பத்தை அளந்து, அதற்கேற்பச் சுற்றின் மின்தேக்கத்தைக் கூட்டிக் குறைக்கிறது. 0 முதல் 40 டிகிரி வரை அதன் பிசகு பத்து லட்சத்தில் 2 பங்குக்குள் நிற்கும். ஆண்டுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். பொழுதுபோக்காகக் கருவி செய்வோரிடம் இந்தச் சில்லுக்கு நல்ல பெயர். ஆனால் அது பொருத்தி வரும் மலிவான பலகைகள் சிலவற்றில் பேட்டரியை மின்னேற்றும் சுற்று ஒன்று இருக்கும். மின்னேற்றக் கூடாத சிஆர்2032 செல்லை அதில் போட்டு ஐந்து வோல்ட்டில் இணைத்தால் செல் உப்பிக் கெடும். அந்தச் சுற்றின் ஒரு மின்தடையைப் பிடுங்கி எடுத்துவிட்டு ஓட்டுவது அனுபவசாலிகளின் வழக்கம். அதே சில்லில் இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. பேட்டரி செத்து அதிர்வு ஒரு முறை நின்றுபோனாலும், உள்ளே ஒரு கொடி உயர்ந்துவிடும். நிரலாளர் அந்தக் கொடியைப் பார்க்காமல் மணியை மட்டும் படித்தால், நின்றுபோன கடிகாரத்தை நம்புகிறார் என்று பொருள்.

மறுமுனையில் இருப்பது படிகமே இல்லாத எண்ணல். வைஃபை வசதியுள்ள இஎஸ்பி32 போன்ற சில்லுகள் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும்போது முதன்மைப் படிகத்தை அணைத்துவிட்டு, மின்தடையும் மின்தேக்கியும் கொண்ட ஓர் உள்சுற்றின் அதிர்வை எண்ணிக்கொண்டு தூங்கும். வெப்பம் மாறினால் அந்தச் சுற்று சதவீதக் கணக்கில் பிசகும். ஒரே ஒரு சதவீதம் என்றாலும் மணிக்கு 36 விநாடி. ஆறு மணி நேரம் தூங்கி எழும் உணரி மூன்றரை நிமிடத்துக்கு மேல் தவறியிருக்கும். இப்படிப்பட்ட கருவி எவ்வளவு நன்றாக எண்ணினாலும் போதாது; அவ்வப்போது யாரிடமாவது மணி கேட்டாக வேண்டும்.

வலையில் மணி கேட்பதற்கான முறையின் பெயர் நெட்வொர்க் டைம் புரோட்டோகால், சுருக்கமாக என்டிபி. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டேவிட் மில்ஸ் 1985-இல் அதன் முதல் ஆவணத்தை வெளியிட்டார். பிறவியிலேயே கண்ணழுத்த நோய் இருந்து, முதுமையில் பார்வையை முற்றிலும் இழந்தவர் அவர். 2024 ஜனவரியில் காலமாகும் வரை உலகத்தின் கணினிக் கடிகாரங்கள் பெரும்பாலும் அவர் வகுத்த வழியில்தான் ஒத்துப்போயின. கருவி அனுப்புவது 48 பைட் கொண்ட ஒரு சின்ன பாக்கெட். பதிலாக வருவதும் அதே அளவு. சிக்கல், பதில் வந்து சேரும்போதே அது பழைய செய்தியாகிவிடுவதில் இருக்கிறது. சென்னையில் போட்ட தபால் டெல்லியில் எப்போது கையில் கிடைத்தது என்று தெரியாமல், அதில் எழுதியிருக்கும் மணியை வைத்து என்ன செய்வது?

மில்ஸின் வழி நான்கு நேரங்களைக் குறித்துக்கொள்வது. கருவி கேள்வியை அனுப்பிய நேரம், சர்வர் அதைப் பெற்ற நேரம், சர்வர் பதில் அனுப்பிய நேரம், கருவி பதிலைப் பெற்ற நேரம். முதலும் கடைசியும் கருவியின் கடிகாரப்படி. நடுவில் உள்ள இரண்டும் சர்வரின் கடிகாரப்படி. ஓர் உதாரணத்தைக் கையால் போட்டுப் பார்க்கலாம். கருவி 250 மில்லிவிநாடி பின்தங்கியிருக்கிறது; பாக்கெட் போக 30, வர 30 ஆகிறது; சர்வர் உள்ளே 2 எடுத்துக்கொள்கிறது. கருவி தன் கடிகாரத்தில் 0 என்று குறித்து அனுப்புகிறது. சர்வர் பெறும்போது அதன் கடிகாரம் 280 காட்டும், அனுப்பும்போது 282. பதில் வந்து சேரும்போது கருவியின் கடிகாரத்தில் 62. இப்போது போன பயணத்தின் வித்தியாசம் 280, வந்த பயணத்தின் வித்தியாசம் 282-இலிருந்து 62 போக 220. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 250. கருவிக்குத் தன் பிசகு துல்லியமாகத் தெரிந்துவிட்டது.

இவ்வளவு அழகாக விடை வந்ததற்குக் காரணம், போகவும் வரவும் ஒரே நேரம் ஆனதுதான். போக 50, வர 10 என்று மாற்றிப் போட்டால் சர்வர் குறிக்கும் நேரங்கள் 300, 302 ஆகும். கருவியில் கடைசி நேரம் அதே 62. விடை 270. இருபது மில்லிவிநாடி தவறு. மொத்தப் பயண நேரம் இரண்டு தடவையும் 60 என்பதால், இந்தத் தவறைக் கருவியால் கண்டுபிடிக்கவே முடியாது. பாதை எந்த அளவுக்கு ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறதோ அதில் பாதி பிழையாக ஒட்டிக்கொள்ளும். வீட்டு இணையத்தில் ஒருவர் பெரிய கோப்பை மேலேற்றிக்கொண்டிருந்தால் போகும் வழி நெரிசலாகும், வரும் வழி காலியாக இருக்கும். வைஃபை கருவி மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கண்ணயரும் இடைவெளிகளில் பதில் பாக்கெட் ரவுட்டரின் வாசலில் காத்துக் கிடக்கும். இதற்கு மில்ஸ் வைத்த மருந்து எளிமையானது. கடைசி எட்டுப் பதில்களை வைத்துக்கொண்டு, அவற்றில் மிகக் குறைந்த பயண நேரத்தில் வந்ததை மட்டும் நம்புவது. வேகமாக வந்த பாக்கெட் வழியில் எங்கும் வரிசையில் நின்றிருக்காது. சாய்வும் அதற்குக் குறைவு. சராசரி எடுப்பதைவிட இது மேலானது. சிறு கருவிகளுக்கென்று எழுதப்படும் நிரல்களில் பல, இதையெல்லாம் விட்டுவிட்டு வந்த முதல் பதிலையே கடிகாரத்தில் வைத்துவிடுகின்றன. விளக்கைப் போட்டு அணைக்கும் கருவிக்கு அது போதும்.

சர்வர்களுக்கும் அடுக்கு உண்டு. அணுக்கடிகாரமோ ஜிபிஎஸ் வாங்கியோ பூஜ்ய அடுக்கு. அதோடு நேரடியாக இணைந்த சர்வர் முதல் அடுக்கு. அதனிடம் கேட்பது இரண்டாவது. 16 என்று வந்தால் அந்தச் சர்வருக்கே நேரம் தெரியாது. இந்திய நேரத்தின் ஊற்றுக்கண் புது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அணுக்கடிகாரங்கள். நாட்டிலுள்ள நிறுவனங்கள் தங்கள் கணினிகளை அந்த ஆய்வகத்தின் சர்வர்களோடோ தேசிய தகவலியல் மையத்தின் சர்வர்களோடோ, அவற்றோடு ஒத்துப்போகும் வேறு சர்வர்களோடோ இணைத்து வைக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. ஓர் ஊடுருவலைத் துப்புத் துலக்கும்போது பத்துக் கருவிகளின் பதிவேடுகளை வரிசைப்படுத்தினால்தான் எது முதலில் நடந்தது என்று தெரியும். கம்பி வழியே நேரம் அனுப்பும் பழக்கம் இந்த நாட்டுக்குப் புதிதும் அல்ல. இந்தியத் திட்ட நேரம் 1906 ஜனவரி 1 அன்று வருமுன் ரயில்கள் மதராஸ் வானாய்வகத்தின் நேரத்தில்தான் ஓடின. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்திய அந்த நேரம், தந்திக் கம்பி வழியே நிலையங்களுக்குப் போனது.

கேட்பதிலும் ஒரு நாகரிகம் வேண்டும் என்பதை 2003 மே மாதம் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் கண்டுகொண்டது. அதன் என்டிபி சர்வரை நோக்கி விநாடிக்கு இரண்டரை லட்சம் பாக்கெட்டுகள் வரை பாயத் தொடங்கின. தாக்குதல் என்றே முதலில் நினைத்தார்கள். தேடிப் பார்த்தபோது, நெட்கியர் நிறுவனத்தின் வீட்டு ரவுட்டர்கள் சிலவற்றில் அந்தச் சர்வரின் முகவரி நேரடியாகப் பொறிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. பதில் வராவிட்டால் விநாடிக்கு ஒரு முறை திரும்பத் திரும்பக் கேட்கும்படி நிரல் எழுதப்பட்டிருந்தது. இதனால் பாக்கெட்டுகளைத் தடுத்தாலும் வெள்ளம் வடியாது. பதில் கிடைக்காத ரவுட்டர் இன்னும் வேகமாகத்தான் தட்டும். விற்றுப்போன லட்சக்கணக்கான பெட்டிகளை வீடு வீடாகப் போய்த் திருத்தவும் முடியாது. இன்று நல்ல நிரல்கள் முகவரியைப் பொறிக்காமல் பெயரைக் கேட்கின்றன. பதில் வராவிட்டால் இடைவெளியை இரட்டிப்பாக்குகின்றன. சரியாக மணியடிக்கும் விநாடியில் எல்லாக் கருவிகளும் ஒன்றாகக் கேட்காதபடி ஆளுக்கொரு கணம் தள்ளிக் கேட்கின்றன.

பிசகு தெரிந்ததும் கடிகாரத்தைத் திருத்துவது அடுத்த வேலை. பலர் இதை ஒரு வரியில் முடிக்கிறார்கள். தொல்லைகள் பிறப்பதும் இந்த வரியில்தான். காலை 6:00:00-க்கு மோட்டார் போடும் கருவி ஒன்று 5:59:58-இல் இருக்கும்போது, நான்கு விநாடி முன்னே தள்ளினால் 6:00:02 ஆகிவிடும். நிரல் 'மணி சரியாக ஆறா' என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு மோட்டார் ஓடாது. மாறாக 6:00:03-இல் இருக்கும் கடிகாரத்தைப் பின்னே இழுத்தால் ஆறு மணி இரண்டு தடவை வரும். அதனால் சிறு பிசகுகளை ஒரே தாவலில் திருத்துவதில்லை. கடிகாரத்தைச் சற்று வேகமாகவோ மெதுவாகவோ ஓடவிட்டு, உண்மை நேரத்தோடு சேர விடுவார்கள். வழக்கமான உச்ச வேகம் பத்து லட்சத்தில் 500 பங்கு. ஒரு விநாடியைச் சரிசெய்ய 33 நிமிடத்துக்கு மேல் ஆகும். என்டிபியின் மூல நிரல் 128 மில்லிவிநாடிக்கு மேல் பிசகினால்தான் தாவும். ஆயிரம் விநாடிக்கு மேல் பிசகினால், தாவுவதா என்று மனிதரைக் கேட்காமல் வேலையையே நிறுத்திவிடும்.

இந்தத் தள்ளுமுள்ளு எதிலும் சிக்காத ஒரு கடிகாரமும் கருவிக்குள் இருக்கிறது. உயிர் வந்த கணத்திலிருந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மட்டும் சொல்லும் எண்ணி அது. யாரும் அதைத் திருத்துவதில்லை, பின்னோக்கியும் போகாது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையே எவ்வளவு நேரம் என்று அளக்க அதைத்தான் பயன்படுத்த வேண்டும். அதற்கும் ஒரு கூரை உண்டு. மில்லிவிநாடிகளை 32 பிட்டில் எண்ணினால் 49.7 நாளில் எண் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும். விண்டோஸ் 95 அந்த நாளில் உறைந்து நின்றது. போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் இடைவிடாமல் ஓடினால் தாமாக நின்றுவிடும் என்று 2015-இல் அமெரிக்க விமானத் துறை எச்சரித்து, அதற்குள் ஒரு முறை அணைத்துப் போடச் சொன்னது. விநாடியை நூறாகப் பிரித்து 31 பிட்டில் எண்ணினால் கூரை சரியாக அந்த 248-ஆம் நாளில் இடிக்கும்.

நேரம் தெரியாத கருவிக்கு வலையே மூடிக்கொள்வதும் உண்டு. பாதுகாப்பான இணைப்புக்கு மறுமுனையின் சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும். சான்றிதழில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று இருக்கும். 1970-இல் விழித்தெழும் கருவியின் கண்ணுக்கு எல்லாச் சான்றிதழும் இனிமேல்தான் செல்லுபடியாகப் போகிறவை. இணைப்பு மறுக்கப்படும். நேரம் இல்லாமல் பாதுகாப்பான இணைப்பு இல்லை, பாதுகாப்பான இணைப்பு இல்லாமல் நம்பகமான நேரம் இல்லை. நடைமுறையில் கருவிகள் முதலில் பூட்டில்லாத என்டிபியில் கேட்டு ஓரளவு நேரத்தைப் பெற்றுக்கொண்டு, பிறகு பூட்டிய கதவைத் தட்டுகின்றன. அந்த முதல் கேள்விக்கு இடையில் யாரோ பொய்ப் பதில் சொல்லிவிட்டால்? ஒரு மலிவான காவல் உண்டு. ஃபர்ம்வேர் தொகுக்கப்பட்ட தேதி கருவிக்குத் தெரியும்; அதற்கு முந்திய எந்த நேரமும் பொய். 2020-இல் தரமாக்கப்பட்ட என்டிஎஸ் முறை என்டிபி பதில்களுக்கே முத்திரை வைக்கிறது. அதன் முதல் கைகுலுக்கலுக்கும் சான்றிதழ் வேண்டியிருப்பதால், தொகுத்த தேதியை வைத்துச் சமாளிக்கும் பழக்கம் அங்கும் ஒழியவில்லை.

இன்னும் துல்லியம் வேண்டுவோருக்கு ஜிபிஎஸ் இருக்கிறது. வானம் தெரியும் இடத்தில் ஆன்டெனா வைத்தால் விநாடிக்கு ஒரு துடிப்பு, நானோவிநாடிக் கணக்கில் சரியாக வரும். ஆனால் உலகப் பொது நேரத்தில் அவ்வப்போது கூட்டப்படும் லீப் விநாடிகளை ஜிபிஎஸ் நேரம் கணக்கில் சேர்ப்பதில்லை. உலகப் பொது நேரத்தைவிட இப்போது 18 விநாடி முந்தி ஓடுகிறது. அந்த 18 என்ற செய்தி பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒரு முறைதான் செயற்கைக்கோளிலிருந்து வரும். புதிதாக உயிர் வந்த வாங்கி, அதுவரை பழைய கணக்கை வைத்து ஓரிரு விநாடி தவறாகச் சொல்லலாம். மின்கட்டங்களில் மைக்ரோவிநாடிக்குள் ஒத்திசைவு தேவைப்படும் இடங்களில் பிடிபி என்ற வேறு முறை உண்டு. அங்கே பாக்கெட் வந்த நேரத்தை மென்பொருள் குறிப்பதில்லை, கம்பியில் செய்தி நுழையும் இடத்திலேயே வன்பொருள் முத்திரை குத்திவிடும்.

உள்ளே எல்லாவற்றையும் உலகப் பொது நேரத்தில் வைத்துக்கொண்டு, மனிதருக்குக் காட்டும்போது மட்டும் ஐந்தரை மணி கூட்டுவதே நல்ல பழக்கம். அந்த ஐந்தரையை எழுதும் இடத்திலும் ஒரு பொறி. பழைய யூனிக்ஸ் மரபில் இந்திய நேரத்தைக் கழித்தல் குறியோடு எழுத வேண்டும். கிழக்கு நாடுகளுக்குக் கழித்தல், மேற்குக்குக் கூட்டல். பொது அறிவை நம்பிக் கூட்டல் குறி போட்டவரின் கருவி பதினொரு மணி நேரம் பின்தங்கும்.

எண்ணியின் கூரை நேரத்துக்கும் உண்டு. 1970-இலிருந்து 32 பிட்டில், குறியோடு விநாடிகளை எண்ணும் கருவிகளுக்கு 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07 கடைசி விநாடி. அடுத்த விநாடியில் அவை 1901 டிசம்பருக்குப் போகும். லினக்ஸும் இஎஸ்பி32-இன் புதிய நிரல் தொகுப்புகளும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. சுவருக்குள் பதித்த பழைய மீட்டர்களை யாரும் மாற்றவில்லை. என்டிபி 1900-இலிருந்து எண்ணுவதால் அதன் 32 பிட் விநாடி இன்னும் முன்னதாக, 2036 பிப்ரவரி 7 அன்று நிரம்பும். அதற்குப் பிறகு வரும் சிறிய எண் 1900-ஐக் குறிக்கிறதா 2036-ஐக் குறிக்கிறதா என்று கருவிதான் முடிவு செய்ய வேண்டும். இங்கும் உதவுவது ஃபர்ம்வேர் தொகுத்த அதே தேதிதான். வெப்பம் அறிந்து ஓடும் டிஎஸ்3231-இன் எல்லை இன்னும் தொலைவில் இருக்கிறது. நான்கால் வகுபடும் ஆண்டெல்லாம் அதற்கு லீப் ஆண்டு. 2100 லீப் ஆண்டல்ல என்பது அதன் சுற்றில் இல்லை. அதுவரை பேட்டரி மாற்றி வைப்பார் இருந்தால், அந்த ஆண்டு பிப்ரவரி 28 நள்ளிரவில் அது நாட்காட்டியில் இல்லாத 29-ஆம் தேதிக்குள் நுழையும்.